கலத்துக்குக் கள்ளனை எப்பிடி அடையாளம் தெரியும்?

கேள்வி கேட்ட தம்பி யாழ்ப்பாணத்தில ஏ.எல் பயோ செய்யிறார். அவர் கேட்டது சுருக்கமா இதுதான்: மனிசன்ர டிஎன்ஏயில கிட்டத்தட்ட அரைவாசி இடம் விட்டு இடம் பாயுற துண்டுகள் எண்டு வாசிச்சனான், அப்பிடியெண்டா விந்திலயும் முட்டையிலயும் அதுகள் கண்டபாட்டுக்குப் பாஞ்சு பிள்ளையளைப் பழுதாக்காம ஆர் மறிக்கிறது, கலத்துக்கு எது தன்ர ஜீன் எது வந்தேறி எண்டு எப்பிடித் தெரியும், டியூசன்ல சொன்ன மைக்ரோ ஆர்என்ஏ தானே உந்த வேலையையும் பாக்குது?

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதிலைச் சொல்லிப்போட்டு மற்றதுக்குப் போறன். இல்லை, மைக்ரோ ஆர்என்ஏ இல்லை. அதுக்கு ஒண்டுவிட்ட சகோதரம் மாதிரி இன்னொரு கூட்டம் இருக்கு, பேர் பை-ஆர்என்ஏ. நடுவில கேட்டீரே, கலத்துக்கு எப்பிடித் தெரியும் எண்டு, அதுதான் உண்மையான கேள்வி, அதுக்குத்தான் உந்தப் பதில் இவ்வளவு நீளம். நான் கம்பஸ் முடிச்சாப்பிறகு கொஞ்சக் காலம் ஒரு பழ ஈ லாப்பில சோளமாவும் ஈஸ்டும் காய்ச்சி ஈயளுக்குச் சாப்பாடு போட்ட ஆள், அதால கதை கூடுதலா ஈயின்ர பக்கம் சாயும், குறை நினைக்காதையும்.

பாயுற துண்டு, அதாவது ட்ரான்ஸ்போசன் எண்டுறது, தன்னை வெட்டி வேற இடத்தில ஒட்டவோ இல்லாட்டித் தன்னைப் பிரதி எடுத்து இன்னொரு இடத்தில செருகவோ தெரிஞ்ச டிஎன்ஏ துண்டு, அவ்வளவுதான். 1940களில பார்பரா மக்லின்ரொக் எண்ட அம்மா சோள விதையின்ர நிறம் திட்டுத்திட்டா மாறுறதைப் பாத்துப் பாத்து இதைக் கண்டுபிடிச்சவா, கன காலம் ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை, 1983ல தான் நோபல் பரிசு குடுத்தவை, அப்ப அவாவுக்கு 81 வயசு. மனிசரில 45 வீதம் மட்டில இந்தக் கூட்டத்தில இருந்து வந்தது. அதில லைன்-1 எண்டுறது மட்டும் 17 வீதம், 5 லட்சம் பிரதி. பயப்பிட வேண்டாம், அநேகமானது தலை அறுந்து நடு முறிஞ்சு செத்துப்போய்க் கிடக்கு, இப்பவும் பாயக்கூடிய நிலையில ஒரு ஆளில இருக்கிறது 80, 100 பிரதிதான். ஆனா அந்த நூறே காணும். 1988ல காசாசியன் எண்டவரின்ர குழு 240 ஹீமோபிலியா நோயாளரைச் சோதிச்சதில 2 பேருக்கு, இரத்தம் உறையுறதுக்கு வேண்டிய எட்டாம் காரணியின்ர ஜீனுக்குள்ள லைன்-1 துண்டொண்டு புதுசா வந்து குந்தியிருந்தது. தாய் தேப்பனில அந்த இடத்தில அது இல்லை.

ஏன் விந்து முட்டையை மட்டும் பிடிச்சுக் கதைக்கிறம் எண்டா, கள்ளனின்ர பக்கத்தில நிண்டு ஒருக்கா யோசிச்சுப் பாரும். ஈரல் கலத்தில பாஞ்சு ஆயிரம் பிரதி எடுத்தாலும் அந்த ஆள் செத்த அண்டைக்கு எல்லாம் ஒண்டாச் சுடலைக்குப் போகும். விந்தை, முட்டையை உண்டாக்கிற கலத்தில ஒரு பிரதி கூடிச்செண்டா அது பேரப்பிள்ளை பூட்டப்பிள்ளை மட்டும் போகும். பழ ஈயில பி-மூலகம் எண்டொரு ட்ரான்ஸ்போசன் இருக்கு, வெறும் 2,907 எழுத்து நீளம், அதின்ர மூண்டாவது இன்ட்ரோன் (புரதம் செய்ய முதல் ஆர்என்ஏயில இருந்து வெட்டி எறியிற இடைத்துண்டு) இனப்பெருக்கக் கலத்தில மட்டும்தான் வெட்டுப்படும், மற்றக் கலங்களில வெட்டுப்படாமக் கிடக்கிறதால பாய வைக்கிற நொதியம் முழுசா வராது. எங்க பாஞ்சா லாபம் எண்டு அவ்வளவு கணக்கு. முலையூட்டியளில இன்னொரு கரைச்சல்: ஜீனை அடக்கி வைக்க டிஎன்ஏக்கு மேல போட்டிருக்கிற மெதைல் எண்ட இரசாயனப் பூட்டெல்லாம், முளையத்தில இந்தக் கலங்கள் உருவாகிற நேரம் அநேகமாக் கழட்டுப்படுது, பிறகுதான் புதுசாப் போடுறது. கதவைக் கழட்டி வச்சிட்டு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற நாள் மாதிரி. அண்டைக்கு வாசல்ல ஆராவது நிக்கத்தானே வேணும்.

இனி எனக்குப் பிடிச்ச பகுதி. 1970களில ஈ வளக்கிற ஆக்களுக்கு ஒரு விசர்க்கதை தட்டுப்பட்டது. வெளியில தோட்டத்தில பிடிச்ச ஆண் ஈயை, கன வருசமா லாப்பில போத்தலுக்குள்ள வளந்த பெண் ஈயோட சேர்த்தா, பிறக்கிற குஞ்சுகள் பாக்க நல்லா இருக்கு, ஆனா மலடு, சூலகம் சூம்பிப்போய்க் கிடக்கு. அதையே மாத்தி, லாப் ஆண், தோட்டத்துப் பெண் எண்டு சேர்த்தா ஒரு பிரச்சினையும் இல்லை, குஞ்சுகள் வடிவா முட்டை போடுது. இரண்டு பக்கமும் பெண் குஞ்சுகளின்ர நிறமூர்த்தம் ஒரே கலவைதான், தாய் ஆர் தேப்பன் ஆர் எண்டதுதான் வித்தியாசம். சூடு கூடினா இன்னும் மோசம், 29 பாகையில வளத்தா அநேகமா எல்லாம் மலடு. (எங்கட சித்திரை வெயிலுக்கு ஏசி இல்லாத லாப் எண்டா உந்தப் பரிசோதனை தன்பாட்டில நடக்கும்.) காரணம் பி-மூலகம் எண்டு பிறகு பிடிபட்டது. வெளியில திரியுற ஈ எல்லாத்திலயும் அது இருக்கு, ஆனா நூறு வருசத்துக்கு முதல் லாப்பில ஈ வளத்து ஆராய்ஞ்ச மோர்கன்ர காலத்தில இருந்து போத்தலுக்குள்ள வளந்த பழைய லாப் ஈயளில இல்லை. அப்பிடியெண்டா அது இந்த ஈ இனத்துக்குள்ள வந்ததே போன நூற்றாண்டில, அதுவும் வேற இனத்தில இருந்து, ட்ரோசோபிலா வில்லிஸ்டோனி எண்ட அமெரிக்கக் கண்டத்து ஈயில இருந்து. இரண்டின்ர பி-மூலகத்தையும் ஒப்பிட்டா ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். களவெடுத்த சாமான் பெட்டி கூடப் பிரிக்காமக் கிடந்த மாதிரி.

சரி, பி-மூலகம் தேப்பன் வழியும் வரலாம், தாய் வழியும் வரலாம், தாய் வழி வந்தா அடங்கிக் கிடக்கிறது, தேப்பன் வழி வந்தா ஏன் ஆடுது? தாய் முட்டைக்குள்ள டிஎன்ஏயை விட வேற ஏதோ ஒண்டையும் வச்சு விடுறா எண்டது தெரிஞ்சுது. அது என்னெண்டு தெரிய 30 வருசம் எடுத்தது.

இடையில, 1990களில ஹைஃபான் லின் எண்டவர் ஈயில ஒரு ஜீனைப் பிடிச்சவர். அது கெட்டா இனப்பெருக்கத் தண்டுக்கலங்கள் நிலைச்சு நிக்காது. பி-மூலகத்தை வச்சு விகாரம், அதாவது ஜீன் மாற்றம், உண்டாக்கித்தான் அதைக் கண்டது, விகாரம் வந்த ஈயின்ர விதை (விந்து உண்டாகிற உறுப்பு) நோஞ்சானா இருந்தது, அதால 'பி-மூலகத்தால வந்த நோஞ்சான் விதை' எண்ட ஆங்கிலச் சொல்லுகளின்ர முதலெழுத்தைச் சேர்த்து பிவி எண்டு பேர். ஈ ஆக்கள் பேர் வைக்கிறது உப்பிடித்தான், இந்தப் பாதையிலேயே கத்தரிக்காய்க்கு ஆபர்ஜீன், பூசணி மாதிரி ஒரு மரக்கறிக்கு சுக்கினி எண்டெல்லாம் ஜீன் இருக்கு, திருநெல்வேலிச் சந்தைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். பகிடி என்னெண்டா, பி-மூலகத்தால பேர் வந்த புரதம்தான் பி-மூலகத்தை அடக்கிற காவல்காரன் எண்டு பேர் வைக்கேக்க ஒருத்தருக்கும் தெரியாது.

2006ல நாலு குழு ஒரே காலத்தில, எலி மாதிரி முலையூட்டியளின்ர விதையில பிவி புரதங்களோட ஒட்டிக்கொண்டு லட்சக்கணக்கான வகை சின்ன ஆர்என்ஏ இருக்கிறதைக் கண்டவை. அதுதான் பிவியோட சேர்ந்த ஆர்என்ஏ, பை-ஆர்என்ஏ. உமக்கு டியூசன்ல சொன்ன மைக்ரோ ஆர்என்ஏ 22 எழுத்து மட்டில, இரட்டை இழையா மடிஞ்ச ஆர்என்ஏயை டைசர் எண்ட நொதியம் வெட்டி வாறது, தன்ர சொந்த ஜீன்களின்ர சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பை-ஆர்என்ஏ கொஞ்சம் நீளம், 23ல இருந்து 31 எழுத்து வரை போகும், டைசர் தேவையில்லை, நீட்டு ஒற்றை இழை ஆர்என்ஏ ஒண்டை இழைமணியின்ர வெளிச்சவ்வில குந்தியிருக்கிற சுக்கினி நறுக்கு நறுக்கெண்டு வெட்டி விடுது, வால் பக்கத்தில ஒரு மெதைல் தொப்பியும் போடுபடுது. பேப்பருக்கு இவ்வளவும் வராது, ஆனா டைசர் வேணுமோ வேண்டாமோ எண்ட வித்தியாசத்தை மட்டும் மனசில வச்சிரும்.

இப்ப நடுக்கேள்வி. அந்த நீட்டு ஒற்றை இழை எங்கயிருந்து வருது?

ஈயின்ர எக்ஸ் நிறமூர்த்தத்தில ஃபிளமெங்கோ எண்டொரு இடம். அந்த இடம் கெட்டா ஜிப்சி எண்ட ட்ரான்ஸ்போசன் துள்ளத் தொடங்கும் எண்டு பிரான்ஸ்காரர் 1990களிலேயே கண்டவை, ஆனா அங்க போய்த் தேடு தேடெண்டு தேடினாலும் புரதம் உண்டாக்கிற ஜீன் ஒண்டும் இல்லை. வெறும் குப்பை. 2007ல ஜூலியஸ் பிரெனெக்கும் ஹனன் லாப் ஆக்களும் ஈயின்ர பை-ஆர்என்ஏயளை வாசிச்சு எது எங்கயிருந்து வருது எண்டு பாத்தா, அந்தக் குப்பைதான் விசயமே. ஜிப்சியின்ர உடைசல், ஐடெஃபிக்ஸின்ர உடைசல், சாமின்ர உடைசல் எண்டு பழைய ட்ரான்ஸ்போசன் துண்டுகள் ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து கிடக்கு, அநேகமானது தலைகீழாக் கிடக்கு. ஒரு நுனியில இருந்து முழுக்க ஒரே நீட்டா ஆர்என்ஏயா வாசிச்சா, தலைகீழாக் கிடக்கிறதால வாறதெல்லாம் ஜிப்சியின்ர ஆர்என்ஏக்கு எதிர் இழை, போய் ஒட்டக்கூடிய இழை. அந்த நுனியில ஒரு செருகல் விழுந்து பழுதானா நூறு கிலோபேசுக்கு, அதாவது ஒரு லட்சம் எழுத்துக்கு அங்கால இருக்கிற துண்டின்ர பை-ஆர்என்ஏயும் நிண்டு போகுது. இப்பிடி உடைசல் குவிஞ்ச இடத்தைக் கொத்து எண்டு சொல்லுறது, ஈயில 142 கொத்து எண்டு அவை எண்ணினவை, எல்லாம் சேர்த்து ஜீனோமில 3.5 வீதம்.

நான் இதை விளங்கப்படுத்துறது இப்பிடி. கள்ளன் வேலி பாஞ்சு வரேக்க கதியால்ல அவன்ர சாரம் மாட்டிக் கிழிஞ்சு ஒரு துண்டு நிக்குது. வீட்டுக்காரர் அந்தத் துண்டை எறியாம மாட்டுக்கொட்டில்ல போட்டு வச்சு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிழிச்சு நாய்க்கு மணக்கக் குடுக்கினம். நாய் பிவி, மணம் பை-ஆர்என்ஏ, கொட்டில் அந்தக் கொத்து. நாய்க்குக் கள்ளன்ர முகம் தெரியாது, களவு எண்டா என்னெண்டும் தெரியாது, அந்த மணம் வந்தாக் கடிக்கும். ஆகவே தம்பி, கலத்துக்கு எது கெட்ட டிஎன்ஏ எண்டு ஒரு பொது அறிவும் கிடையாது. எது கொட்டிலுக்குள்ள விழுந்ததோ அதை ஞாபகம் வச்சிருக்கு. ட்ரான்ஸ்போசன் பாஞ்சு பாஞ்சு கண்ட இடத்தில விழேக்க ஒரு நாள் கொத்துக்குள்ளயும் விழும், விழுந்த அண்டையோட அவன்ர கதை முடிஞ்சுது. வாயைக் குடுத்து மாட்டுறது எண்டு சொல்லுவம், இது வாலைக் குடுத்து மாட்டுறது.

கடிக்கிறதும் வெறும் கடி இல்லை. அதே 2007ல பிரெனெக்கின்ர குழுவும் ஜப்பான்ல சியோமி குழுவும் வேற வேறயாக் கண்டது: பிவியின்ர சகோதரமான ஆபர்ஜீன் புரதம் எதிர் இழைப் பை-ஆர்என்ஏயைப் பிடிச்சுக்கொண்டு போய் ட்ரான்ஸ்போசன்ர ஆர்என்ஏயை, தன்ர முதலெழுத்தில இருந்து எண்ணி 10க்கும் 11க்கும் இடையில வெட்டுது. வெட்டுப்பட்ட துண்டை எறியிறதில்லை, ஆகோ-3 எண்ட இன்னொரு புரதம் அதை எடுத்து இன்னொரு பை-ஆர்என்ஏ ஆக்குது, அது கொத்தில இருந்து வாற நீட்டு ஆர்என்ஏயைப் போய் வெட்ட, அதில இருந்து திரும்ப எதிர் இழை, திரும்ப ஆபர்ஜீன். அங்கயும் இஞ்சயுமாப் பந்து அடிக்கிறதால பிங்-பொங் எண்டு பேர். இதுக்குத் தடயம் வடிவா இருக்கு: ஒரு பக்கத்து ஆர்என்ஏ யூ எண்ட எழுத்தில தொடங்கும், மற்றப் பக்கத்து ஆர்என்ஏயில 10வது எழுத்து ஏ, இரண்டும் சரியா 10 எழுத்துக்கு மேவி நிக்கும். அப்ப நடக்கிறது என்னெண்டா, கள்ளன் எவ்வளவுக்கு எவ்வளவு அட்டகாசம் பண்ணுறானோ அவ்வளவுக்கு அவன்ர சாரத்துண்டு நாய்க்குக் கிடைக்கும், எல்லா மணமும் ஒரே அளவில பெருகிறதில்லை, இண்டைக்கு ஆர் கூட ஆடுறானோ அவன்ர மணம்தான் பெருகும். இது நடக்கிறது கருவைச் சுத்தி வெளியில ஒட்டிக்கிடக்கிற நுவாஜ் எண்ட மணிக்கூட்டத்துக்குள்ள. முட்டையைச் சுத்தியிருக்கிற புடைப்புக் கலங்களில பிங்-பொங் இல்லை, அங்க பிவி மட்டும்தான், ஃபிளமெங்கோ அங்கதான் காவல், ஏனெண்டா ஜிப்சி அந்தப் பக்கத்துக் கலத்தில வைரஸ் மாதிரித் துகள் செய்து முட்டைக்குள்ள பூரப் பாக்கிற ஆள்.

பிவி மட்டும் கருவுக்குள்ள போகும். அங்க ட்ரான்ஸ்போசன்ர ஆர்என்ஏ டிஎன்ஏயில இருந்து இன்னும் கழண்டு முடியேல்லை, அந்த நேரமே போய்ப் பிடிச்சு, பனொரமிக்ஸ் எண்ட புரதத்தைக் கூப்பிட்டு (2015ல கண்டது), அந்த இடத்தில டிஎன்ஏ சுத்தியிருக்கிற ஹிஸ்டோன் எச்3 எண்ட புரதத்தில 9வது லைசினுக்கு மூண்டு மெதைல் போட வச்சு, டிஎன்ஏயை இறுக்கிச் சுத்தி மூடிப்போடும். இதில ஒரு முரண் வருது பாரும்: கொத்துகளும் ட்ரான்ஸ்போசன் துண்டுதானே, அதுக்கும் அதே மெதைல், அப்ப அதுவும் மூடுபட்டா மணம் எங்கயிருந்து வாறது? அதுக்கு ரைனோ எண்ட புரதம் அந்த மூடின மெதைலிலேயே போய்க் குந்தி, பூட்டின கதவுக்குப் பின்பக்கத்தால வாசிக்கிறதுக்கு வழி செய்யுது. எனக்கு முதல்ல வாசிக்கேக்க தலை சுத்தினது, மற்றவனுக்குப் பூட்டா இருக்கிற அடையாளமே இதுக்குத் திறப்பு.

இப்ப அந்த மலட்டு ஈக் கதைக்குத் திரும்புவம். 2008ல பிரெனெக்க ஆக்கள் காட்டினது, தாய் ஈ முட்டைக்குள்ள பை-ஆர்என்ஏயளை நிறைச்சு விடுறா எண்டு. தோட்டத்துத் தாய்க்கு பி-மூலகத்தின்ர மணம் தெரியும், குஞ்சுக்கும் கட்டிக் குடுத்து விடுறா. லாப் தாய்க்கு பி-மூலகம் எண்டா என்னெண்டே தெரியாது, தேப்பன் கொண்டுவந்த பி-மூலகம் ஆளில்லாத வளவுக்குள்ள மாடு பூந்த மாதிரி மேயுது. தேப்பன்ர விந்தால அந்த மணத்தைக் கடத்த ஏலாது. 2011ல வந்த இன்னொரு வேலை இன்னும் வடிவு: அந்த மலட்டுக் குஞ்சுகளை உடன எறியாம வயசு போக விட்டுப் பாத்திருக்கினம், 3 கிழமை மட்டில சிலதுகள் திரும்ப முட்டை போடத் தொடங்கியிருக்கு. தேப்பன் வழி வந்த கொத்துகளில இருந்து பி-மூலகத்துக்கு மெல்ல மெல்லப் பை-ஆர்என்ஏ வந்திருக்கு, அந்த அமளியில ஆடின மற்ற ட்ரான்ஸ்போசன்களும் கொத்துகளுக்குள்ள புதுசா விழுந்து மாட்டியிருக்கு, அது அடுத்த சந்ததிக்கும் போயிருக்கு.

எல்லாம் இவ்வளவு ஒழுங்கா இருக்குதோ எண்டா, இல்லை. 2021ல ஒரு குழு ஈயின்ர மூண்டு பெரிய கொத்தை, 42ஏபி எண்ட பேர்போனது உட்பட, ஒட்டா வெட்டி எறிஞ்சு பாத்தது. ட்ரான்ஸ்போசன் ஆடும், மலடாகும் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. ஒண்டும் நடக்கேல்லை, ஈ முட்டை போட்டுக்கொண்டு திரியுது. ஜீனோம் முழுக்க அங்கங்க சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னத் துண்டுகளும் மணம் குடுக்குது போல. ஃபிளமெங்கோ அப்பிடியில்லை, அதை எடுத்தா வீடு கவிழும். ஆக, ஒரே கொட்டில் எண்டு நான் சொன்னதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டு எடும், சாரத்துண்டு வளவு முழுக்கக் கிடக்கு.

எலி, மனிசர் பக்கம் கெதியாச் சொல்லுறன். எலியில மிலி, மிவி, மிவி-2 எண்டு மூண்டு பிவி. மிலியோ மிவி-2ஓ இல்லாட்டி லைன்-1 கிளம்பும், விந்து உண்டாகிறது ஒடுக்கற்பிரிவு நேரத்தில நிண்டுபோகும், ஆண் மலடு. முன்னம் சொன்ன பெயின்ட் அடிக்கிற நாளில ட்ரான்ஸ்போசன்களுக்குத் திரும்ப மெதைல் பூட்டுப் போட ஆள் காட்டுறது மிவி-2. பூட்டுறதுக்கெண்டே கொறிணிகளில டிஎன்எம்ரி3சி எண்டொரு நொதியம் இருக்கு, 2016 மட்டும் அதைச் செத்த ஜீன் எண்டு ஒதுக்கி வச்சிருந்தவை. பெண் எலிக்கு இதில ஒண்டும் பெரிசாப் பழுதில்லை, அதால கன காலம் முலையூட்டியளில இது ஆண் பக்கத்து விசயம் எண்டே எழுதிக்கொண்டு இருந்தவை. 2021ல பொன்நிற ஹம்ஸ்டரில பாத்தா பெண்ணும் மலடாகுது. மனிசரிலயும் இருக்கிற நாலாவது பிவி ஒண்டு சுண்டெலியில தொலைஞ்சு போயிட்டுது, அந்த ஒரு மிருகத்தை மட்டும் பாத்துப் பாடம் எழுதினதால வந்த பிழை. மனிசரில, பை-ஆர்என்ஏயின்ர வாலை அளவா நறுக்கிற பிஎன்எல்டிசி1 எண்ட ஜீன் இரண்டு பிரதியும் கெட்ட ஆம்பிளையளுக்கு விந்தே உண்டாகேல்லை எண்டு 2021ல அறிக்கை வந்தது. பிள்ளை இல்லையெண்ட உடன பெம்பிளையை மட்டும் டொக்டரிட்டையும் கோயில் கோயிலாயும் இழுத்துக்கொண்டு திரியுற எங்கட சனத்துக்கு உதை ஒருக்கா வாசிச்சுக் காட்ட வேணும்.

புழுவில, சி. எலிகன்ஸில, கதை வேற மாதிரி. அங்க பை-ஆர்என்ஏ 21 எழுத்து, கொஞ்சம் பிழை பொருத்தம் இருந்தாலும் ஒட்டும், அதால கண்டதையும் மணந்து பாக்கும். அப்ப தன்ர சொந்த ஜீனைக் கடிக்காதோ? அதுக்கு சிஎஸ்ஆர்-1 எண்ட வேற ஒரு புரதம் வீட்டாக்களின்ர பட்டியலை வச்சிருந்து, இவை எங்கட ஆக்கள் விடு எண்டு காப்பாத்துது. ஈ வச்சிருக்கிறது கள்ளர் பட்டியல், புழு வச்சிருக்கிறது குடும்ப அட்டை. ஒரு தரம் அடக்கினதைப் புழு 20 சந்ததிக்கு மேலயும் மறக்காம வச்சிருந்ததையும் காட்டியிருக்கினம்.

எங்கட ஊருக்குக் கிட்டின ஆள் வேணுமெண்டா டெங்கு நுளம்பு, ஈடிஸ் எஜிப்ரை. யாழ்ப்பாணக் கரையோரத்தில உவர்த்தண்ணிக் கிணத்திலயும் முட்டை போடுற அளவுக்குப் பழகின சாதி. அதின்ர ஜீனோமில அரைவாசிக்கு மேல ட்ரான்ஸ்போசனும் திரும்பத் திரும்ப வாற துண்டும்தான், அதுக்குள்ள பழைய வைரஸ்களின்ர துண்டும் ஒட்டிக் கிடக்கு, அதில இருந்தும் பை-ஆர்என்ஏ வருது. 2020ல அப்பிடி ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பாத்தா, அதுக்குரிய நுளம்பு வைரஸ் ஒண்டு சூலகத்தில கூடுதலாப் பெருகினது. அது டெங்கு இல்லை, நுளம்புக்கு மட்டும் வாற வைரஸ், டெங்குக்கு மருந்து வந்திட்டுது எண்டு ஆருக்கும் ஃபோவேட் பண்ணிப்போடாதையும்.

இன்னொரு கேள்வி உமக்கு வந்திருக்க வேணும்: புதுசா ஒரு கள்ளன் வாறான், சாரம் இன்னும் கிழியேல்லை, முதல் நாள் என்ன நடக்கும்? அதை இப்ப கண்ணால பாக்கக்கூடிய இடம் அவுஸ்திரேலியா. கோவாலாக்களில ஒரு ரெட்ரோவைரஸ் (தன்னைக் கலத்தின்ர டிஎன்ஏக்குள்ள செருகிற வகை வைரஸ்) இப்பத்தான் இனப்பெருக்கக் கலத்து டிஎன்ஏக்குள்ள பூந்துகொண்டிருக்கு, வடக்கில குயின்ஸ்லாந்தில கிட்டத்தட்ட எல்லாத்திலயும் இருக்கு, தெற்கில குறைவு. 2019ல அதின்ர விதையில பாத்தா, வைரஸின்ர ஆர்என்ஏ இரண்டு வகையா வருது, இன்ட்ரோன் வெட்டினது ஒண்டு, வெட்டாதது ஒண்டு. வெட்டாததைத்தான் வைரஸ் அடுத்த துகளுக்குள்ள பொதி கட்டும். கலம் அந்த வெட்டாததைப் பிடிச்சுப் பை-ஆர்என்ஏயா நறுக்குது. வருற இழை வைரஸின்ர ஆர்என்ஏ மாதிரியே இருக்கிற இழைதான், எதிர் இழை இல்லை, அதால வைரஸைத் தேடிப்போய்க் கடிக்க ஏலாது, ஆனா நறுக்கின அளவுக்குப் பொதி குறையும். எங்கட சொந்த ஜீனின்ர ஆர்என்ஏ அநேகமா வெட்டி முடிச்சுத்தான் கருவை விட்டு வெளியில வரும், வெட்டாம வாறவன் எண்டா சந்தேகம். நாய்க்கு மணம் கிடைக்க முதல், நடக்கிற நடையை வச்சுக் குரைக்கிற மாதிரி ஒண்டு.